கேமெம்லீக் காட்டுவது 32 பைட்தான்; மீதி ஃபர்ம்வேர் எங்கே?

பஸ்_ஓட்டி:
லினக்ஸ் கர்னலில் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் டிரைவர், 64 பிட் எக்ஸ்86 கணினி. டிரைவரை டாங்கிளிலிருந்து அன்பைண்ட் செய்து (கழற்றி) திரும்ப பைண்ட் செய்யும் (இணைக்கும்) ஒவ்வொரு முறையும் கேமெம்லீக் (கர்னலில் விடுவிக்கப்படாமல் போன நினைவகத்தைத் தேடும் கருவி) ஓர் ஆப்ஜெக்ட் காட்டுகிறது. அளவு 32, பேக்டிரேஸில் (அதை ஒதுக்கிய ஃபங்ஷன்களின் வரிசை) _ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர். ஃபர்ம்வேர் (சிப்பில் ஏற்றும் மென்பொருள்) கோப்போ 600 கேபி. ஃபால்ஸ் பாசிட்டிவ் என்று விட்டுவிடலாமா? இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை: /லிப்/ஃபர்ம்வேரில் புதிய கோப்பை வைத்தாலும் ரீபூட் வரை சிப் பழைய பதிப்பையே சொல்கிறது.

ஸ்லாப்சாமி:
நிஜ லீக்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: எங்கோ ரிலீஸ்_ஃபர்ம்வேர் (வாங்கிய ஃபர்ம்வேரை விடுவிக்கும் ஃபங்ஷன்) விடுபட்டிருக்கிறது.

அந்த ஆப்ஜெக்ட், ஸ்ட்ரக்ட் ஃபர்ம்வேர். உள்ளே 24 பைட். கேமலாக்-32 ஸ்லாபிலிருந்து (32 பைட் துண்டுகளாகவே தரும் நினைவகத் தொகுப்பு) வருவதால் 32 என்று தெரிகிறது. 600 கேபி தனியாக விமலாக்கில் (பெரிய ஒதுக்கீடுகளுக்கான கர்னல் நினைவகப் பகுதி) இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் எஃப்டபிள்யூ_பிரைவ் என்ற உள் ஸ்ட்ரக்ட், கர்னலின் குளோபல் லிஸ்ட் ஒன்றில் தொங்குகிறது. அங்கிருந்து பாயிண்டர் இருக்கும்வரை கேமெம்லீக்குக்கு அது லீக்கே இல்லை. அடுத்த பைண்டில் அதே பெயரைக் கேட்டால் கர்னல் டிஸ்க் பக்கமே போகாது. லிஸ்டில் இருப்பதன் ரெஃப்கவுண்ட்டை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) ஏற்றிப் பழையதையே கொடுத்துவிடும். அதனால்தான் பதிப்பு மாறவில்லை.

/ப்ராக்/விமலாக்இன்ஃபோவை ரூட்டாகப் பாருங்கள். கர்னல்_ரீட்_ஃபைல் பெயரில், கோப்பின் அளவும் ஒரு கார்டு பேஜும் (பாதுகாப்புக்காக விடும் காலிப் பக்கம்) சேர்ந்த வரி ஒன்று அன்பைண்டுக்குப் பிறகும் நிற்கும். கோப்பு சுருக்கப்பட்டதென்றால் அந்தப் பெயர் மாறும்.

இதைவிட மோசமானது ரிலீஸ்_ஃபர்ம்வேருக்குப் பதில் அந்தச் சின்ன ஸ்ட்ரக்டை மட்டும் விடுவிக்கும் வெறும் கேஃப்ரீ போடுவது. கேமெம்லீக் வாயே திறக்காது, 600 கேபி மட்டும் அப்படியே கிடக்கும்.

புரோப்_பித்தன்:
எந்தப் பாதையில் விடுபட்டது என்று பிடிக்க: கேமெம்லீக் கோப்பில் 'கிளியர்' எழுதி, பைண்ட், அன்பைண்ட், பத்து விநாடி பொறுத்து 'ஸ்கேன்' இரண்டு முறை. 5 விநாடி வயதாகாத ஆப்ஜெக்ட் பட்டியலில் வராது. ஆர்எம்மாட் (மாட்யூலை நீக்கும் கட்டளை) வேண்டாம்; மாட்யூல் போனதும் பேக்டிரேஸில் டிரைவரின் ஃபங்ஷன் பெயர்கள் போய் வெறும் ஹெக்ஸ்தான் மிஞ்சும்.

புரோபின் (பைண்டின்போது ஓடும் டிரைவர் ஃபங்ஷன்) எரர் பாதையையும் சோதியுங்கள். கோப்பை 16 பைட்டாக வெட்டி வேறொரு டைரக்டரியில் வைத்து, அந்தப் பாதையை ஃபர்ம்வேர்_கிளாஸின் பாத் அளவுருவில் எழுதுங்கள் (நியூலைன் சேரக்கூடாது). ஹெடர் சரிபார்ப்பு தோற்று நேராக ரிட்டர்ன் ஆகும் இடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டை. லீக் ஏற்கெனவே நடந்திருந்தால் முதலில் ரீபூட். இல்லையேல் வெட்டிய கோப்பு படிக்கப்படவே படாது.

கால்பேக்_கந்தசாமி:
காத்திருக்காமல் ஃபர்ம்வேர் கேட்கும் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர்_நோவெயிட் என்றால் கால்பேக்கில்தான் ரிலீஸ் செய்ய வேண்டும். ரிலீஸுக்கு நல் கொடுத்தாலும் பாதகமில்லை, ஆகவே எல்லா எரரும் ஒரே லேபிளுக்குப் போகட்டும். ரீசெட் பாதையில் பழைய பாயிண்டர் மேலேயே புதியதை எழுதுகிறதா என்றும் பாருங்கள்.

சஸ்பெண்ட் சோதனையில் மட்டும் அவசரப்பட வேண்டாம். எஃப்டபிள்யூ_கேஷ் என்ற கர்னல் அமைப்பு ஆனாக இருந்தால் தூங்கும் முன் கர்னலே ஃபர்ம்வேரைப் படித்து வைத்துக்கொள்ளும். விழித்து 10 விநாடி கழித்துத்தான் விடும். அதற்குள் விமலாக்இன்ஃபோ பார்த்து லீக் என்று பேட்ச் அனுப்பிவிடாதீர்கள்.