மறு: மல்டி டூலுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மீ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

நுகர்வோர் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள, 3000 ரூபாய்க்குள் ஒரு மல்டி டூலை (கத்தி, பிளேயர், திருப்புளி போன்றவை ஒன்றாக மடங்கும் கைக்கருவி) பார்த்து வாங்குவது எப்படி என்பதுதான் பொருள். 24 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே நிற்கிறேன். யோசித்தவை: பல்கருவி, பன்முகக் கருவி, பல்பயன் கருவி.

இவற்றுக்கும் சொல் வேண்டும்: விரித்த கத்தி மடங்காமல் பிடிக்கும் லாக், லாக் இல்லாத கத்தியின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங், பிளேயரின் இரண்டு வாய்ப்பகுதிகள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

வாசிக்கப் போகிறவர்கள் விடுதி மாணவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், வீட்டில் சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்கிறவர்கள்.

நா. எழுதியது:

அன்புள்ள மீ. அவர்களுக்கு,

பல்கருவி போதும். பல்கலை, பல்பொருள், பல்லூடகம் எல்லாம் நிலைத்த பிறகு தயக்கம் எதற்கு? 'பல', 'சில' முன் பிற சொல் வந்தால் இறுதி அகரம் கெட்டும் கெடாமலும் வரும் என்பது நன்னூல் விதி. பல் மருத்துவர் கருவியோடு குழம்பும் என்று யாரேனும் சொல்வார்கள். அந்தப் பொருளில் லகரம் றகரமாகி, பற்பசை, பற்பொடி போலப் பற்கருவி என்றாகும். இலக்கணமே இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது.

பல்பயன் கருவி வேண்டாம். அரிவாள்மனையும் பல பயன் தருவதுதான். இங்கே பல கருவிகள் ஓர் ஆணியில் கோக்கப்பட்டிருக்கின்றன.

பிளேயரின் வாய்க்குக் 'கொடிறு' என்ற அருமையான சொல் இருக்கிறது. 'கொடிறுடைக்கும் கூன்கையர்' என்று குறள் (1077) கன்னத்தைச் சொல்கிறது. 'கொடிறும் பேதையும் கொண்டது விடாது' என்னும் திருவாசகத் தொடரில் அதே சொல் பற்றிக்கொண்டதை விடாத குறடு என்னும் பிடிகருவியைக் குறிக்கிறது. முகத்தின் தாடையும் இரும்பின் தாடையும் ஒரே சொல்லில்! 'கொடு' என்னும் வளைவுப்பொருள் வேரோடு இதை இணைக்கலாம் என்பது என் எண்ணம். கொடுக்கு, கொடுவாள், கோடு என்று அந்த வரிசை நீள்கிறது. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

செ. எழுதியது:

> இலக்கணமே இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது.

ஐயா, விதி சரி. ஆனால் பற்கருவி என்று யாரும் எழுதுவதில்லையே. பல் மருத்துவர், பல் செட் என்றுதான் எழுதுகிறார்கள். 'பல் கருவி' என்று இடைவெளி விட்டு ஒருவர் தேடினால் பல் மருத்துவச் சாமான்தான் வந்து நிற்கும்.

தலைப்புச் சொல்லைவிட உட்பிரிவுக்குச் சொல் வைப்பதுதான் அவசரம் என்று நினைக்கிறேன். இந்தச் சாமானில் இரண்டு குலம். கத்தியோடு மற்றவை சேர்ந்தது ஒன்று. சுவிஸ் ராணுவத்துக்கு 1891 முதல் விக்டோரினாக்ஸ் செய்து கொடுத்த கத்தி அந்த வழி. பிளேயரின் கைப்பிடிக்குள் கத்தியும் அரமும் ஒளிந்திருப்பது இன்னொன்று. 1983இல் லெதர்மேன் விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த வகை. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால், நட்டைப் பிடித்துத் திருக வேண்டியவர் கத்தி வகையை வாங்கிக்கொண்டு போவார். பார்சல் பிரிக்கவும் பழம் நறுக்கவும் மட்டும் தேவைப்படுகிறவர் கால் கிலோ இரும்பைச் சுமப்பார். கத்தி வகையில் சிறியது 58 மில்லிமீட்டர், சாவிக்கொத்திலேயே கிடக்கும். 84, 91 மில்லிமீட்டர் அளவுகள் சட்டைப்பைக்குச் சரி. முழு அளவு பிளேயர் வகை மடித்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், 200 கிராமுக்கு மேல். மடியில் கனம் இருந்தால் இரண்டாம் வாரமே அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

பரிசோதனைப் பக்கத்துக்கு இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மீ. பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனி இரண்டும் ஒட்ட வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்று பக்கவாட்டில் விலகியிருந்தால் மெல்லிய கம்பி வழுக்கும். வெட்டும் பகுதியில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை வைத்து அழுத்தினால் சுத்தமாகத் துண்டாக வேண்டும். வெட்டுவாய் சரியாகச் சந்திக்காவிட்டால் கம்பி நசுங்கி மடங்கும். ஸ்பிரிங் கம்பியை வைத்துச் சோதிக்கக் கூடாது. வெட்டுவாயில் பள்ளம் விழுந்துவிடும். அடுத்து, ஒரு கருவியை நகத்தால் இழுக்கும்போது பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுச் சாமானில் அதிகம் எரிச்சல் தருவது அதுதான். கருவிகளைக் கோத்திருக்கும் ஆணி ரிவெட்டாக இருந்தால் தளர்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டார்க்ஸ் (ஆறுமுனைக் குழி கொண்ட) திருகாணியாக இருந்தால் கால் சுற்று முறுக்கிக்கொள்ளலாம்.

திருப்புளியின் ஸ்டார் முனை நான்கு பக்கமும் பருமனாக இருக்கிறதா, தகட்டை ஸ்டார் வடிவில் வெட்டியதா என்பதும் முக்கியம். தகட்டு முனை இறுகிய திருகாணியில் ஏறி வழுக்கி, தலையைத் தின்றுவிடும். வீட்டில் கழற்ற வேண்டிவரும் திருகாணிகளில் பல 2ஆம் எண் ஸ்டார். ஒரு திருகாணியைக் கையோடு கொண்டுபோய் முனையைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைப்பிடி முழுக்க உலோகம். கரன்ட் வேலைக்கு இது ஆகாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கடையில் விற்பவர் சொல்ல மாட்டார்.

ச. (லண்டன்) எழுதியது:

மீ. தங்கச்சி, யாழ்ப்பாணத்தில வில்லுக்கத்தி என்று ஒரு சொல் இருக்கு. ஸ்பிரிங்கை நாங்கள் வில் என்றுதான் சொல்லுறது. கத்தியின்ர முதுகில கிடக்கிற அந்தத் தகடுதான் வில். அதுதான் கத்தியை விரித்த நிலையிலயும் மடித்த நிலையிலயும் நிறுத்திவைக்குது. ஸ்பிரிங்குக்கு முதுகுவில் என்றே போடலாம், விளக்கம் தேவைப்படாது. பிளேயருக்கும் குறடு என்றால் எங்கட பக்கத்தில எல்லாருக்கும் விளங்கும்.

பூட்டு இருக்கா இல்லையா என்ற வேறுபாட்டைச் சொல்லிலயே காட்டுங்கோ. கையேடு வெளிநாட்டுத் தமிழர் கையிலயும் போகும். பிரித்தானியாவில 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடிப்புக் கத்தியைக் காரணம் காட்டாமல் கொண்டு திரியலாம். பூட்டுக்கத்திக்கு அந்த விலக்கு கிடையாது. தகுந்த காரணம் காட்ட வேணும். குறட்டுக்குள்ள இருக்கிற கத்தி பூட்டுற வகை என்றாலும் அதே கதைதான். விமானத்தில கைப்பையில இரண்டுமே வேண்டாம். பெட்டிக்குள்ள வைத்து அனுப்புங்கோ.

வா. எழுதியது:

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற இடத்தில் 'துருப்பிடிக்காத எஃகு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சொல் பரவலானதுதான். ஆனால் இந்தக் கையேட்டில் அது பொய்யாகிவிடும்.

கத்திக்குப் பயன்படும் எஃகில் ஏறக்குறைய 13 விழுக்காடு குரோமியம் இருக்கும். மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுப்பது அதனால்தான். கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் வியர்வையும் அந்தப் படலத்தைத் துளைக்கும். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கித் துடைக்காமல் மடித்தால் ஆணிப்பக்கம் முதலில் பழுப்பேறும். வெதுவெதுப்பான நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். கத்தியால் பழம் நறுக்குகிறவர் உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் விடட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்து, பையின் பஞ்சுத்தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

எவர்சில்வர் என்று போடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் நிக்கல் கலந்தது, காந்தம் ஒட்டாது. கத்தி எஃகில் காந்தம் ஒட்டும். ஒட்டினால்தான் அது சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய வகை. எவர்சில்வர் என்று அச்சிட்டால், வாசகர் காந்தத்தோடு கடைக்குப் போய் நல்ல சாமானைப் போலி என்று திருப்பிக் கொடுப்பார். என் பரிந்துரை: துருத்தடுப்பு எஃகு.

எஃகின் வகை எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். 420ஜே2வில் கார்பன் குறைவு, சீக்கிரம் மழுங்கும். 420எச்சியில் கார்பன் கூடுதல், கூர் நிற்கும். வெறுமனே ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் பொறித்து எண் தராத சாமானை நான் வாங்க மாட்டேன்.

கு. எழுதியது:

மடிக்கணினி இருக்கும்போது மடிக்கருவி ஏன் கூடாது? மடிக்கவும் செய்யும், மடியில் செருகவும் செய்யலாம். இரண்டு பொருளும் கிடைக்கிறதே.

நா. எழுதியது:

> இரண்டு பொருளும் கிடைக்கிறதே.

கிடைக்காது, கு. அவர்களே. 'மடிக்கருவி' என்று ஒற்று மிகுந்தால் மடியில் வைக்கும் கருவி என்றே பொருள்படும். மடியும் கருவி என்றால் வினைத்தொகை. ஒற்று மிகாமல் 'மடிகருவி' என்றே வர வேண்டும். ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. ஓர் எழுத்தில் பொருள் மாறும் இடத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்ட முடியாது.

குலப்பெயராகப் பல்கருவியும், செ. சொல்லும் இரண்டு கிளைக்கு மடிகுறடு, மடிகத்தி என்பனவும் வைக்கலாம். சுருக்கமாக இருக்கும். துருத்தடுப்பு எஃகு எனக்கு உடன்பாடு.

செ. எழுதியது:

மடிகுறடு என்று வகுப்பில் சொன்னால் பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று மாணவர்கள் விழிப்பார்கள். மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி என்று கடைத்தெருவில் வழங்குகிறது. மடக்குக் குறடு, மடக்குக் கத்தி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குறடு பற்றியும் சொல்ல வேண்டும். ச. அண்ணன் ஊரில் பிளேயர் என்றால் குறடு. எங்கள் பக்கம் குறடு என்றால் கொல்லன் உலையில் இரும்பைப் பிடிப்பது, அல்லது செருப்புத் தைப்பவர் ஆணி பிடுங்குவது. சாதாரணமாகக் கையில் எடுப்பது கட்டிங் பிளேயர். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் தடவை குறட்டுக்குப் பக்கத்தில் கட்டிங் பிளேயர் என்று வர வேண்டும். கொடிறு வேண்டாம் ஐயா. பட்டறையில் வாய் என்கிறோம். வாய் தேய்ந்துபோச்சு, வாய் விலகுது என்று பேசுகிறோம். வாய் நல்ல தமிழ்தானே.

மீ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேரம் நெருங்கிவிட்டதால் தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். பல்கருவிக்கு ஐந்து பேர். மல்டி டூல் என்றே விடலாம் என்று மூன்று பேர். மடிக்கருவிக்குக் கு. மட்டும். எனவே அட்டையில் பெரிதாகப் 'பல்கருவி', அடியில் 'மல்டி டூல்'. உள்ளே மடக்குக் குறடு, மடக்குக் கத்தி, முதுகுவில், பூட்டு, வாய், துருத்தடுப்பு எஃகு.

பூட்டைச் சோதிக்கும் முறை மூலத்தில் தெளிவாக இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன்: கத்தியை முழுதும் விரித்து, விரல்களை மடியும் பாதையிலிருந்து விலக்கி, கத்தியின் முதுகை மரமேசை விளிம்பில் மெதுவாக அழுத்த வேண்டும். பூட்டு நழுவினால் அந்தச் சாமான் வேண்டாம். சரியா, செ.?

செ. எழுதியது:

சரி. அழுத்த மட்டும் வேண்டும், அடிக்கக் கூடாது என்று சேருங்கள். ஓங்கித் தட்டினால் நல்ல பூட்டும் கெட்டுப்போகும்.

நா. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். 'மடக்குக் குறடு', 'மடக்குக் கத்தி' இரண்டிலும் ககர ஒற்று விடுபடாமல் பிழைதிருத்துபவரிடம் சொல்லுங்கள்.

வாய் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கத்தியின் வெட்டும் விளிம்பையும் வாய் என்றே சொல்கிறோம். உங்கள் 11ஆம் பக்கத்தில் 'வாய் மழுங்கினால்' என்று கத்திக்கும், 'வாய் விலகினால்' என்று குறட்டுக்கும் வருகிறது. அந்தப் பக்கத்திலாவது குறட்டின் தாடை என்று மாற்றுங்கள். கொடிறு பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.

ச. எழுதியது:

அட்டையில 'பல் கருவி' என்று இரண்டு வரியாப் பிரிந்து போகாமல் வடிவமைக்கிறவரிட்ட சொல்லுங்கோ தங்கச்சி. பிரிஞ்சால் செ. தம்பி சொன்ன பல் மருத்துவர்தான் வந்து நிற்பார்.