1969 எம்ஜிபி: எந்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குவது?

மலைச்சாலை:
வணக்கம். ஷெஃபீல்டில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1969ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த கூரைக் கார், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். நிமிடத்துக்கு 600 சுற்றில் டைமிங் லைட் (பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) பிடித்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் பொறி விழ வேண்டிய அளவாகக் கையேட்டில் உள்ள 14 டிகிரி அப்படியே வருகிறது. ஆனால் ஸ்நேக் பாஸ் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால், தகர டப்பாவில் சல்லியைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். விலை கூடிய பெட்ரோல்தான் போடுகிறேன். பொறியை நேரம் பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டராக இப்போது இருப்பது லூகாஸ் 25டி4; முந்தைய உரிமையாளர் எங்கோ வாங்கி மாட்டியது. எல்லா எம்ஜிபிக்கும் பொருந்தும் என்று புதிதாக ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

கிழட்டு ஸ்பானர்:
அவசரப்பட வேண்டாம், தம்பி. துளைக்குள் இறங்குவது வேறு, என்ஜினுக்கு ஒத்துப்போவது வேறு. மோரிஸ் மைனர், மினி, எம்ஜி மிட்ஜெட் எல்லாவற்றிலும் இதே 25டி4தான். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. என்ஜின் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டி விழச் செய்வதற்காக உள்ளே இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் வண்டிக்கு வண்டி மாறும்.

முதலில் உடலின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். உயர் அழுத்த விகிதம் கொண்ட உங்கள் என்ஜினுக்கு உரியது 40897. அருகில் இருக்கும் சிறிய எண் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும்.

எண் வேறாக இருந்தால் மூடி, உள்ளே சுழலும் ரோட்டார், பாயின்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் தொடுமுனை) இருக்கும் தட்டு மூன்றையும் கழற்றுங்கள். அடியில் கேம் தகட்டில் ஓர் எண் இருக்கும். பொறியை அதிகபட்சம் எவ்வளவு முன்தள்ளும் என்பதைக் காட்டும் எண் அது, டிஸ்ட்ரிபியூட்டரின் டிகிரியில். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் இது ஒரு சுற்றுச் சுற்றும், ஆகவே இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். தகட்டில் 10 என்றால் கிராங்கில் 20. என்ஜின் ஓடாதபோது வைக்கும் நிலையான 10 டிகிரியையும் சேர்த்தால் 30, என்ஜினுக்கு இதமான அளவு. தகட்டில் 15 என்றால் கணக்கு 40ஐத் தொடும். ஐட்லிங்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஏற்றத்தில் என்ஜின் கதறும். எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

கழற்றும் முன்பே சோதிக்கவும் வழி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வெற்றிடக் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டு, 3000 சுற்றுக்கு மேல் கொண்டுபோய், டிகிரி எங்கே ஏறாமல் நிற்கிறது என்று பாருங்கள். டிகிரியைத் திருப்பும் குமிழ் உள்ள டைமிங் லைட் வேண்டும். என்ஜினில் உள்ள குறிகள் அவ்வளவு தூரம் வராது.

மின்பொறி:
எதற்கு இந்தப் பாடு? 123 எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய அட்வான்ஸ் (பொறியை முன்தள்ளும்) அளவை அதிலேயே தேர்ந்தெடுக்கலாம், பாயின்ட்டும் தேயாது. மின்முனையை மட்டும் பார்த்து வாங்குங்கள்: 1967 வரையிலான எம்ஜிபி நேர்மின் எர்த் (பேட்டரியின் நேர்முனை வண்டி உடலோடு இணைந்தது), உங்களுடையது எதிர்மின்.

கிழட்டு ஸ்பானர்:
நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி மலையில் அது நின்றுவிட்டால் இழுவை வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும். பாயின்ட் என்றால் ஓர் அரமும் 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளியை அளக்க ஒரு ஃபீலர் தகடும் போதும். எந்த டிஸ்ட்ரிபியூட்டர் வைத்தாலும் ரோட்டாரை ஆணி அடிக்காத வகையில் வாங்குங்கள். ஆணி வைத்த மலிவு ரோட்டார்களில் மின்பொறி உள்ளேயே கசிந்து தண்டுக்குப் போய்விடும்.

மலைச்சாலை:
பார்த்தேன், ஐயா. உடலில் உள்ள எண் தேய்ந்துவிட்டது, படிக்க முடியவில்லை. தகட்டில் 15. வெற்றிடக் குழாய் இல்லாமல் 39 டிகிரியில் நிற்கிறது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடவும் செய்கிறது.

கிழட்டு ஸ்பானர்:
பிறகென்ன, ஆள் அகப்பட்டுவிட்டான். புதியது தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துச் சீர்செய்து தரும் பட்டறைக்கு அனுப்பி, தண்டைத் தாங்கும் புது புஷ் போடச் சொல்லுங்கள். 40897இன் அளவுக்குத் தகடும் ஸ்பிரிங்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தண்டு ஆடினால் பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். புஷ் போடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

அதுவரை ஓட்ட வேண்டுமென்றால், கவ்வியைத் தளர்த்தி, உச்சம் 32ஐத் தாண்டாதபடி பின்தள்ளி வையுங்கள். புறப்படும்போது வண்டி மந்தமாக இருக்கும், பிஸ்டன் பிழைக்கும்.

வெற்றிடக் குழாய் வந்து சேரும் டப்பாவையும் வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயின்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பிவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. டப்பாவின் மேல் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை அங்குல வெற்றிடத்தில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, எத்தனை டிகிரி தருகிறது. அவற்றை இங்கே எழுதுங்கள். அதுவும் வேறு வண்டியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.