சந்தை விவகாரம்: இடிப்பதா வேண்டாமா என்பதைத் தாண்டி

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தையைப் பற்றி நம் குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டினால்தான் ஊர் உருப்படும் என்கிறார்கள் சிங்கப்பூர்க்காரர்கள். இடித்தால் ஊரின் உயிரே போய்விடும் என்கிறார்கள் வளைகுடாக்காரர்கள். நடுவில் லண்டன் சித்தப்பா தம் சிறு வயதுச் சந்தையைப் பற்றி எழுதிய தலபுராணம் வேறு. சுவைக்குக் குறைவில்லை. ஆனால் சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மண் பரிசோதனைக்குக் குழி தோண்டியதைக் கீழத் தெருத் தம்பி படம் பிடித்து அனுப்பியும்விட்டான். அந்தப் படத்துக்கு வந்த மறுமொழிகளில் ஒருவர்கூட, கட்டி முடிக்கிறவரை வியாபாரிகள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்கவில்லை. ஆகவே இந்த மடல்.

கட்டடம் வேண்டும் என்பதே என் கருத்து. காரை உதிர்கிற தூண்களையும் ஓட்டைத் தகரத்தையும் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விடியற்காலையில் சந்தைக்குள் நுழைந்து பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர் வடிய வழியின்றிக் கீரை விற்பவர்களின் சாக்குக்கு அடியில் வந்து தேங்குகிறது. அதற்காக ஆளுக்கு நான்கு செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, அதன் மேல் சாக்கு விரித்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. பஸ் நிலையத்துக் கழிப்பறையின் பூட்டு ஆறு மணிக்குத்தான் திறக்கிறது. இதற்குப் பயந்தே முந்தின இரவு தண்ணீர் குடிப்பதில்லை என்று கொத்தமல்லி விற்கும் அக்கா ஒருவர் சொன்னார். இந்தச் சந்தை இப்படியே இருக்கட்டும் என்று துபாயிலிருந்து எழுதுவது சுலபம்.

எதிர்க்கிறவர்களையும் ஒரே தரப்பாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே நிரந்தரக் கடை வைத்திருப்பவர்களில் சிலர் பேரூராட்சிக்குக் கட்டும் வாடகை ஒன்று, உள்வாடகைக்கு விட்டு வாங்கும் பணம் அதைப்போலப் பல மடங்கு. புதிய கட்டடம் என்றால் புதிய ஏலம், உள்வாடகை போய்விடும். கறுப்புக் கொடி கட்டுவதில் முன்னால் நிற்பவர்கள் இவர்கள்தான், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்துக்கு மனு அனுப்பியவர்களும் இவர்கள்தான். இவர்களோடு சேர்ந்து, ஒரே கடையை இரண்டு தலைமுறையாகச் சொந்தமாக நடத்துகிறவர்களும் நிற்கிறார்கள். ஏலத்தில் வெளியூர்ப் பணத்தோடு மோத முடியாதே என்ற அவர்களுடைய கவலை முழுக்க நியாயமானது. மூன்றாவதாக, வெளியே சாலையோரம் தரைக்கடை போடும் பெண்கள். இவர்கள் பெயர் மனுவிலும் இல்லை, மன்றத் தீர்மானத்திலும் இல்லை. சந்தையில் கட்டணம் வசூலிக்கக் குத்தகை எடுத்த சுங்கக் குத்தகைதாரரின் ஆள் மட்டும் தினமும் தவறாமல் வந்து காசு வாங்கிக்கொள்கிறார். சீட்டு கேட்டால் நாளைக்கு என்கிறார்.

நான் இருக்கும், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியிலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால், அடிராண்டாக் மலைக்குள் சாரனாக் லேக் என்றொரு சிற்றூர். ஏறக்குறைய ஐயாயிரம் மக்கள். ஒரு காலத்தில் காசநோயாளிகள் மலைக்காற்றுக்காக வந்து தங்கிய ஊர் என்பதுதான் அதன் பழைய பெருமை. அங்கே ஏம்ஸ் என்ற பல்பொருள் அங்காடி ஒன்று இருந்தது. அந்த நிறுவனமே திவாலாகி 2002இல் கடையை மூடியது. அதன் பிறகு உள்ளாடை, படுக்கை விரிப்பு வாங்கக்கூட ஐம்பது மைல் தள்ளியிருக்கும் பிளாட்ஸ்பர்க் போக வேண்டும். பனிக்காலத்தில் அந்த மலைச்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2006இல் வால்மார்ட் 1,20,000 சதுர அடியில் ஒரு கடை கட்ட விரும்பியது. ஊர் இரண்டாகப் பிளந்தது. பக்கத்து லேக் பிளாசிட்டில் இதே வால்மார்ட்டுக்கு உள்ளூர்த் திட்டக் குழு அனுமதி மறுத்து, 1998இல் நீதிமன்றமும் அந்த மறுப்பு செல்லும் என்று சொல்லியிருந்தது. எதிர்த்தவர்களுக்கு அது தெம்பு. ஆதரித்தவர்களுக்கோ பிள்ளைக்கு ஒரு ஜோடி காலுறை வாங்க அரை நாளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் வால்மார்ட் வரவில்லை.

வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். ஜெயித்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள், தோற்றவர்கள் பிளாட்ஸ்பர்க் போவார்கள். இந்த ஊரில் கடையை நாமே தொடங்கினால் என்ன என்று கிளம்பினார்கள். பங்கு ஒன்று 100 டாலர். ஒருவர் 10,000 டாலருக்கு மேல் போட முடியாது. நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள் மட்டுமே வாங்கலாம். வயோமிங் மாநிலத்துப் பவல் என்ற ஊரில் 2002இல் மக்களே பங்கு போட்டுத் திறந்த கடைதான் முன்மாதிரி. ஐந்து லட்சம் டாலர் திரட்டுவதற்குள் ஆண்டுகள் ஓடின. 2008இன் பொருளாதார நெருக்கடி நடுவில் வந்து உட்கார்ந்தது. 2011 அக்டோபரில் பிரதான வீதியில் கடை திறந்தார்கள். திறந்து சில ஆண்டுகள் கழித்து நான் போய்ப் பார்த்தேன். நம் தேரடி ஜவுளிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உடுப்பு, போர்வை, கைவேலைக்கான நூல், சமையலறைச் சாமான். விலை மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலுறை இருந்தது.

நம் ஊரில் கடைக்குப் பஞ்சமில்லை, ஆகவே பங்கு விற்கும் யோசனையோடு யாரும் கிளம்பிவிட வேண்டாம். என்னைக் கவர்ந்தது வேறு. வால்மார்ட் கேட்டவர்களின் தேவை உண்மையானது என்பதை எதிர்த்தவர்கள் மறக்கவில்லை; அதைத் தீர்ப்பதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே கட்டடம் வேண்டாம் என்பவர்களில் யாராவது கழிப்பறையைப் பற்றியும் வடிகாலைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? கட்டடம் வேண்டும் என்பவர்களில் யாராவது ஏலத்தைப் பற்றி?

வியாபாரிகளைக் கலக்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சிக்கு வெளியே கள்ளிக்குடியைப் போய்ப் பார்க்கலாம். காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்க ஏறக்குறைய 77 கோடி ரூபாயில் கட்டி 2017இல் திறந்த வளாகம். தூரம் அதிகம், கடைகள் சிறியவை என்று வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். வழக்கு, மறியல், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தன. வியாபாரமோ காந்தி மார்க்கெட்டிலேயே நடந்தது.

இனி நம் வேலைக்கு வருகிறேன். கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நம்முடையது பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது. வார்டு அளவில் பகுதி சபைக் கூட்டம்தான். அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு உறுப்பினரிடம் ஊரில் இருப்பவர்கள் கேட்டுச் சொல்லட்டும். இணையத்தில் கையெழுத்து வேட்டை நடத்துவதும், அமைச்சரின் உதவியாளரைத் தெரியும் என்று நள்ளிரவில் போன் போடுவதும் வேண்டவே வேண்டாம். ஊரில் இருப்பவர்களின் காரியத்தைக் கெடுக்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

முதல் காரியம், காகிதங்களைக் கையில் வாங்குவது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனு போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்டால் பதில் வராது. நகல் கேட்க வேண்டும். மன்றத் தீர்மானத்தின் நகல், திட்ட மதிப்பீடு, கட்டட வரைபடம், இப்போதைய கடை உரிமதாரர் பட்டியல், ஒவ்வொரு கடைக்கும் வாடகையும் பாக்கியும், சுங்கக் குத்தகை ஒப்பந்தம், அதில் தரைக்கடைக்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்ற கட்டண விவரம். இந்தக் கடைசி நகல் ஒன்று வந்து, அதைப் பெரிதாக அச்சடித்துச் சந்தை வாசலில் ஒட்டினாலே பாதிப் பெண்களுக்குத் தினமும் சில ரூபாய் மிச்சமாகும் என்பது என் கணிப்பு. உரிமதாரர் பட்டியல் வந்தால் யார் சொந்தமாக நடத்துகிறார்கள், யார் உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்பதும் தானாக வெளிச்சத்துக்கு வரும். நம் சங்கத்தில் சிலருக்கு அது சங்கடமாக இருக்கலாம். இருக்கட்டும்.

அடுத்தது தரைக்கடைக்காரர்கள். சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது உள்ளாட்சி கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் ஊரில் இந்தக் குழு இருக்கிறதா, யார் யார் உறுப்பினர், கடைசிக் கணக்கெடுப்பில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடலாம். 2020இல் வந்த பிரதமரின் சாலையோர வியாபாரிகள் கடன் திட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வாங்கியவர்கள் நம் சந்தையிலும் இருக்கிறார்கள். வங்கித் தாளோ பேரூராட்சி தந்த பரிந்துரைக் கடிதமோ வீட்டில் எந்த டப்பாவில் இருந்தாலும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதுவே அத்தாட்சி.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நமக்கென்றே எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள தெரு வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்கிறது. இதை வைத்துக் கட்டடத்தையே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிய வரைபடத்தில் தரைத்தளத்தில் தரைக்கடை மேடை கேட்பதற்கு இதைவிடப் பலமான பிடி கிடையாது. ஆனால் ஐம்பது ஆண்டு என்பதை நிரூபிக்க வேண்டுமே? சித்தப்பா, உங்கள் தலபுராணம் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. அந்தக் காலத்துப் படங்கள், கடிதங்கள், ரசீது, திருவிழா நோட்டீஸ் என்று ஆண்டு தெரிகிற எதுவாக இருந்தாலும் தெளிவாகப் படியெடுத்து அனுப்புங்கள். அலுவலகத்தில் எடுபடுவது தேதிதான். வர்ணனையை நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

கல்லூரி விடுமுறையில் ஊரில் இருக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தரைக்கடைகளைக் கணக்கெடுக்கத் தயாராக இருக்கிறார்கள். பெயர், எந்த ஊரிலிருந்து வருகிறார், என்ன விற்கிறார், எத்தனை வருடமாக, எந்த இடத்தில். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வாரச்சந்தைக்கு மட்டும் வருகிறவர்களைத் தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கையை ஊதிக் காட்டுகிறார்கள் என்று முதல் கூட்டத்திலேயே மடக்கிவிடுவார்கள்.

பண விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சங்கம் சார்பில் மொத்தமாக வசூலித்து ஊரிலுள்ள அறக்கட்டளைக்கு அனுப்பலாம் என்று டொராண்டோ மாப்பிள்ளை எழுதியிருந்தார். வெளிநாட்டில் பதிவான சங்கம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தப் பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அப்படிக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் (OCI) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர் கணக்குதான். தகவல் உரிமை மனுவும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. ஆகவே நம்மில் யாருக்கு எந்தக் கடவுச்சீட்டு என்று முதலில் தெரிய வேண்டும்.

இப்போதைக்குப் பெரிய தொகை தேவையும் இல்லை. நகல் கட்டணம், அச்சுச் செலவு, பிள்ளைகளுக்கு டீயும் பஸ் காசும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். பெண்கள் கழிப்பறையை அந்த வழியில் இப்போதே கேட்கலாமா என்று பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் விசாரிக்க ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். வளாகம் எழும்வரை அந்த அக்கா தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சட்டப்படி எந்த வழியில் பணம் கட்டுவது என்று ஊர்த் தணிக்கையாளர் சொன்ன பிறகுதான் யாரும் அனுப்ப வேண்டும்.

சிங்கப்பூரில் கட்டடப் பொறியாளராக இருக்கும் மருமகனுக்கு: வரைபடம் வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன். முகப்பு அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது, மீன் பகுதி எங்கே, கூடை சுமந்து வருபவர் எத்தனை படி ஏற வேண்டும், லாரி எங்கே நிற்கும், கட்டும் காலத்தில் தற்காலிகச் சந்தைக்குப் பழைய நெல் களம் போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

மனுவின் வரைவை இணைத்திருக்கிறேன். ஊரில் இருந்து கையெழுத்துப் போட மூன்று பேர் தேவை; அவர்களில் ஒருவராவது தரைக்கடைக்காரராக இருந்தால் நல்லது. வரைவில் திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை தபாலில் சேர்த்துவிடுவோம், ஒப்புகை அட்டையோடு.

அன்புடன்,
மேலத் தெருக்காரன், ஆல்பனியிலிருந்து