சாளரமா, நிலையா, விளிம்பா? ஸ்டீரியோ ஒளிப்பட நடுவர் குறிப்புக்குச் சொல் வேண்டும்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே காட்சியை இரு கண்களுக்கும் தனித்தனியே எடுத்து ஆழம் காட்டும் ஸ்டீரியோ ஒளிப்படக் கண்காட்சிக்கு நடுவராக இருப்பவர் மதிப்பெண்ணோடு ஒரு வரிக் குறிப்பும் எழுதினால்தான் படம் அனுப்பியவருக்குப் பயன். தமிழில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது சொல்லிலேயே முட்டுகிறது. முதலில் நான்கு சொற்களை முடித்துக்கொள்வோம்: ஸ்டீரியோ விண்டோ, விண்டோ வயலேஷன், டீவியேஷன் (ஒரே பொருள் இரு படங்களிலும் பக்கவாட்டில் தள்ளி நிற்கும் அளவு), கோஸ்டிங் (ஒரு கண்ணுக்கான படம் மறு கண்ணுக்கும் மங்கலாகத் தெரிவது).

இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒன்றாகச் சேரும்போது, படத்தின் நான்கு ஓரங்களும் சன்னல் போல நம் முன் நிற்கும். காட்சி அதற்கு அப்பால் விரியும். அது விண்டோ. காட்சியில் உள்ள ஒரு பொருள் சன்னலுக்கு இப்பால் வந்தும் நிற்கிறது, அதே ஓரத்தில் வெட்டுப்பட்டும் கிடக்கிறது என்றால் அது வயலேஷன்.

என் முன்மொழிவு: ஆழச்சாளரம், சாளர மீறல், விலகல், ஆவித்தோற்றம்.

மடல் 2

//ஆழச்சாளரம்//

ஐயா, சாளரம் என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. இரு கண் படங்களையும் சேர்த்துச் சீராக்கும் ஸ்டீரியோபோட்டோ மேக்கர் மென்பொருளுக்குக் கையேடு எழுதும்போது “சாளரத்தைப் பின்னுக்குத் தள்ளுக” என்றால், படிப்பவர் மென்பொருளையே சுருக்கி வைத்துவிடுவார். வீட்டு வாசலின் மரச்சட்டத்துக்கு ‘நிலை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. தனியே நின்றால் குழப்பும் என்பதால் ‘நிலைச்சட்டம்’ என்று வைக்கலாம். “கிளை நிலைச்சட்டத்துக்கு இப்பால் நீள்கிறது” என்றால் யாருக்கும் விளங்கும்.

//சாளர மீறல்//

இதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். நடுவில் நீந்தும் மீன் ஒன்று எந்த ஓரத்தையும் தொடாமல் நிலைச்சட்டத்தைத் தாண்டி நம் மூக்கருகே வந்தால் அது தவறே அல்ல. நடுவர் கூடுதல் மதிப்பெண் போடுவார். ‘மீறல்’ என்று பெயர் வைத்தால் முன்னே வந்ததே குற்றம் என்றாகிவிடும்.

மடல் 3

மேலே சொன்னது சரி. குற்றம் எங்கே நடக்கிறதோ அங்கிருந்து பெயர் எடுப்போம். பொருளை ஓரம் வெட்டுகிறது. ஆகவே ஓரம்தான் முன்னே இருக்கிறது என்று மூளை முடிவு செய்கிறது. இரு கண் படங்களின் வேறுபாடோ பொருள்தான் முன்னே என்கிறது. இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலம். ‘விளிம்பு முரண்’ என்பது என் பரிந்துரை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதி, சோதனையும் விளிம்பிலேயே நடப்பது. உண்மையான சன்னல் வழியே வெளியே பாருங்கள்: இடப்பக்க ஓரத்தில் வலக்கண்ணுக்குத்தான் சற்றுக் கூடுதலாகத் தெரியும். படத்திலும் அப்படியே இருக்க வேண்டும். இடது விளிம்பில் வலக்கண் படம் ஒரு துண்டு அதிகம் காட்டினால் சரி; இடக்கண் படம் அதிகம் காட்டினால் அங்கே முரண். வலது விளிம்புக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி எதுவும் போடாமல், இரு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தே சொல்லிவிடலாம்.

மேல், கீழ் விளிம்புகள் இவ்வளவு தொல்லை தருவதில்லை. நம் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை; கிடைக்கோட்டில் பக்கவாட்டு வேறுபாட்டைப் பிடிக்க இடமில்லை. மார்பளவுப் படம் கீழே வெட்டுப்பட்டு லேசாக முன்வந்து நின்றால் பல நடுவர்கள் விட்டுவிடுவார்கள். இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தூணை விடமாட்டார்கள்.

திருத்தும் முறையும் குறிப்பில் வரட்டும். ஒன்று, இரு படங்களையும் பக்கவாட்டில் நகர்த்தி முழுக் காட்சியையும் பின்னுக்கு அனுப்பலாம். ஸ்டீரியோபோட்டோ மேக்கரில் இட, வல அம்புக்குறி விசைகளே போதும். ஆனால் திரையில் தொலைவுப் புள்ளிகளின் இடைவெளி கூடும். மற்றது, விளிம்பையே முன்னுக்கு இழுப்பது. தூண் 20 பிக்சல் முன்வந்திருந்தால், இடக்கண் படத்தின் இடது ஓரத்தில் 20 பிக்சலுக்குக் குறையாத கறுப்புப் பட்டை வைத்தால் அந்தப் பக்கத்து விளிம்பு தூணுக்கு முன்னால் வந்துவிடும். பின்னணி கறுப்பாக இருக்கும் திரையில் பட்டை தெரியாது. படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

மடல் 4

‘விலகல்’ எனக்குச் சம்மதம். யாராவது ‘இடமாறு தோற்றப்பிழை’யை (பாரலாக்ஸ்) கொண்டுவருமுன் சொல்லிவிடுகிறேன்: அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே என்று ஆறாம் வகுப்பில் சொல்லித்தர அந்தப் ‘பிழை’ சரி. இங்கே ஆழமே அதிலிருந்துதான் பிறக்கிறது. “உன் படத்தில் தோற்றப்பிழை நன்றாக இருக்கிறது” என்று எந்த நடுவர் எழுதுவார்?

வரையறை: மிக அருகிலுள்ள பொருளுக்கும் மிகத் தொலைவிலுள்ள பொருளுக்கும் இடையே, இரு படங்களிலும் அவற்றின் கிடைநிலை எவ்வளவு மாறுகிறது என்பதே மொத்த விலகல். கண்காட்சிகளில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1920 × 1080 பிக்சல், பக்கம் பக்கமாக வைத்தால் 3840 × 1080 என்பது இப்போது வழக்கமான அளவு. விலகல் படத்தின் அகலத்தில் 1/30 பங்கைத் தாண்டவேண்டாம் என்பது பழைய கைவிதி. 1920-இல் அது 64 பிக்சல்.

இந்த 64 பிக்சல் எங்கே பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு ஆள். 55 அங்குலத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ 4 செ.மீ. 2 மீட்டர் அகலத் திரையில் 6.7 செ.மீ., அதாவது ஏறத்தாழ நம் இரு கண்களின் இடைவெளி. 4 மீட்டர் திரையில் 13 செ.மீ.; கண்கள் வெளிப்பக்கம் விரிந்தாக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நல்ல மதிப்பெண் போட்ட நடுவர் அரங்கில் அதே படத்துக்குக் கண்ணைக் கசக்குவது இதனால்தான். ஸ்லைடு காலத்தில் எல்லா நடுவரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். இப்போது ஒருவர் பழைய முப்பரிமாணத் தொலைக்காட்சியில், இன்னொருவர் வி.ஆர். தலைக்கவசக் கருவியில். எல்ஜியும் சோனியும் 2017-இல் அந்த வகைத் தொலைக்காட்சிகளை நிறுத்திவிட்டதால் மாற்றுக்கும் வழியில்லை. எனவே குறிப்பில் “விலகல் மிகுதி” என்று மட்டும் எழுதாமல், எந்தத் திரையில் பார்த்தது என்றும் சேர்க்கவேண்டும்.

//ஆவித்தோற்றம்//

வேண்டாம், மாந்திரீகம் போல இருக்கிறது. ஒரு கண்ணுக்கான ஒளி மறு கண்ணுக்குள் ஒழுகுவதுதான் நடக்கிறது. காரணத்துக்குக் ‘கசிவு’, கண்ணுக்குத் தெரிவதற்கு ‘நிழல்’.

மடல் 5

கசிவு அருமை. ஆனால் நடுவர் கவனிக்கவேண்டிய ஒன்று: கசிவு எப்போதும் படத்தின் குற்றம் அல்ல. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நேர்கோட்டு முனைவாக்க (போலரைஸ்டு) கண்ணாடி போட்டுத் தலையைச் சாய்த்தாலே நிழல் விழும். வெள்ளிப்பூச்சுத் திரைக்குப் பதில் சாதாரண வெள்ளைத் திரையைக் கட்டினால் முனைவாக்கமே குலைந்துபோகும். ஆகவே முதலில் தலையை நேராக்கிப் பார்க்கவேண்டும். அப்புறமும் கருவானத்து முன் வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கல் கோபுரம் நின்றால், அந்த இடத்தில் விலகலும் ஒளி வேறுபாடும் சேர்ந்து மிகுந்திருக்கின்றன. கறுப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்தாலே பாதி அடங்கும்.

ஒரு சொல் விட்டுப்போயிற்று. ஒரு படம் மற்றதைவிட மேலே ஏறியிருப்பது, சுழன்றிருப்பது, பெரிதாக இருப்பது மூன்றுக்கும் ‘பிசகு’ வைக்கலாமா? மேல்கீழ்ப் பிசகு, சுழற்சிப் பிசகு, அளவுப் பிசகு. எலும்பு பிசகியது என்கிறோமே, அதே வலி கண்ணுக்கு. மென்பொருளின் தானியங்கிச் சீரமைப்பு நொடியில் சரிசெய்துவிடும் என்பதால் இதற்கு மன்னிப்பும் குறைவு.

மடல் 6

நன்றி. சாளர மீறலையும் ஆவித்தோற்றத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விளிம்பு முரண், விலகல், கசிவு, பிசகு நான்கும் ஏற்பு. ஒரு மாதிரிக் குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

“இடது விளிம்பில் வாழையிலை முரண்படுகிறது, இடக்கண் படத்தில் பட்டை வைக்கவும். மொத்த விலகல் 70 பிக்சல், 2 மீட்டர் திரையில் பார்த்தது. மேல்கீழ்ப் பிசகு இல்லை.”

நிலைச்சட்டம் மட்டும் இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. “நிலைச்சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி” என்று எழுதும்போது ஆசாரியைக் கூப்பிடத் தோன்றுகிறது. சன்னலுக்கே இன்னொரு சொல்லான ‘பலகணி’யை யாரும் எடுத்துக்கொள்ளவில்லையே, அதைப் பார்ப்போமா?