மீனா குமாரி நெஜமாவே உருது கவிதை எழுதினாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கடலூர் செல்வி (மஞ்சக்குப்பம்):
வணக்கம். நேத்து அம்மாவோட யூடியூப்ல நெஞ்சில் ஓர் ஆலயம் பாத்தேன், முடிஞ்சதும் கீழ அதோட ஹிந்திப் படம் வந்துச்சு, ஸ்ரீதரே 1963ல எடுத்தது, தேவிகா ரோல்ல ஹிந்தி நடிகை மீனா குமாரி. அம்மா உடனே "பாவம்டி, குடிச்சே போய்ச் சேந்துட்டா"ன்னாங்க. கீழ கமெண்ட்ல ஒருத்தர் இவங்க உருது கவிஞர்னு போட்டிருக்காரு. நெஜமா, இல்ல யாராவது எழுதிக் குடுத்து இவங்க பேர போட்டுக்கிட்டதா? அப்படி என்னதான் நடந்துச்சு அவங்க வாழ்க்கைல? எனக்கு ஹிந்தி அரைகுறை, உருது சுத்தமா வராது.

முல்லா வீதி பாய் (புதுச்சேரி):
அவங்களேதான் எழுதினாங்கம்மா, அதுல சந்தேகமே வேணாம். 'நாஸ்'ங்கற பேர்ல எழுதுவாங்க. 1971ல கய்யாம் இசையில அவங்க கவிதைய அவங்களே படிச்சு ரெக்கார்டாவே வந்துச்சு. டைரிய எல்லாம் கவிஞர் குல்சார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, அவர்தான் பின்னாடி தொகுத்துப் புத்தகமாப் போட்டாரு. தனிமை, ராத்திரி, நிலா, இதேதான் சுத்திச் சுத்தி வரும். எல்லாமே ஒசத்தின்னு சொல்லமாட்டேன், சிலது வெறும் புலம்பல்தான், ஆனா நல்லா வந்த நாலஞ்சு கஜல் (ரெண்டு ரெண்டு வரியா வர்ற உருதுக் கவிதை) போதும்.

வாழ்க்கைன்னு கேட்டா, 1933ல பம்பாய்ல பொறந்தாங்க, சொந்தப் பேரு மஹ்ஜபீன். அப்பா அலி பக்ஸ் பார்சி நாடகத்துல ஆர்மோனியம் வாசிச்சவரு, வீட்ல கஷ்டம், ஆறு வயசுலயே ஸ்டூடியோவுக்கு அனுப்பிட்டாங்க. ஸ்கூலுக்கு ஒழுங்காப் போகாத பொண்ணு, தானா படிச்சுத் தேறினது. 1952ல டைரக்டர் கமால் அம்ரோஹிய வீட்டுக்குத் தெரியாம நிக்காஹ் பண்ணிக்கிட்டாங்க, அவருக்கு ஏற்கெனவே குடும்பம் குழந்தைங்க உண்டு, இவங்கள விட 15 வயசு மூத்தவரு. 1964ல அந்த வீட்ட விட்டு வெளிய வந்துட்டாங்க.

பழைய ரீல் (நெல்லிக்குப்பம்):
பாய் சொன்னது சரி, ஆனா சும்மா பாவம் பாவம்னே பேசுறோமே, அந்தம்மா எவ்வளவு பெரிய வேலைக்காரின்னு யாரும் சொல்றதில்ல. ஒரே வருசத்துல பிலிம்பேர் சிறந்த நடிகை நாமினேஷன் மூணும் இவங்களுக்கே வந்துச்சு, 1963ல, போட்டிக்கு வேற ஆளே கெடையாது. அந்த மூணுல ஒண்ணு நம்ம களத்தூர் கண்ணம்மாவோட ஹிந்தி, பீம்சிங்கே எடுத்தாரு. நம்ம மலைக்கள்ளன் ஹிந்திக்குப் போனப்பவும் ஹீரோயின் இவங்கதான். அட அத விடுங்க, மிஸ்ஸியம்மாவுல சாவித்திரி பண்ண ரோல 1957ல ஹிந்தில பண்ணதும் இவங்களே, ஜோடி சாட்சாத் ஜெமினி கணேசன். அந்த ஒரே ரோல நடிச்ச ரெண்டு பேரும் கடைசில குடியால போனத நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

ராஜா_ஓல்ட் டவுன்:
குடிச்சாங்க செத்தாங்க. இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பில்டப்.

முல்லா வீதி பாய்:
தம்பி, தூக்கம் வராம தவிச்சப்ப ஒரு பெக் பிராந்தி எடுத்துக்கோன்னு டாக்டர் சொன்னதுலதான் அது ஆரம்பிச்சுதுன்னு அவங்களப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க. கல்லீரல் போயி 1968ல லண்டன் வரைக்கும் வைத்தியத்துக்குப் போய்ட்டு வந்து திரும்பவும் நடிச்சாங்க. இதே கதை ஒரு ஆம்பள நடிகருக்குன்னா 'மேதை, மனசு தாங்கல'ன்னு எழுதுவீங்க.

தேன்மொழி (வில்லியனூர்):
ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? 1951ல கார் ஆக்சிடெண்ட்ல இடது கை சுண்டு விரல் சிதைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வந்த படங்கள்ல பாருங்க, பெரும்பாலும் இடது கை துப்பட்டாக்குள்ளயோ முந்தானை மடிப்புலயோதான் இருக்கும். அது அவ்ளோ நளினமாத் தெரியும், மறைக்கறாங்கன்னே தோணாது.

அப்புறம் பாகீஸா. அம்ரோஹி 50கள்ல ஆரம்பிச்ச படம், ரெண்டு பேரும் பிரிஞ்சதுல நின்னு போச்சு, பல வருசம் கழிச்சு மீனா உடம்பு முடியாமயே வந்து முடிச்சுக் குடுத்தாங்க. ஒரு பாட்டுல முகம் பளிச்சுன்னு இருக்கும், அடுத்த சீன்ல கன்னம் ஒட்டி வயசாயிருக்கும். கடைசி ஆட்டத்துல இவங்களுக்குப் பதிலா முகத்த மூடி ஆடுறது நடிகை பத்மா கன்னா. 1972 பிப்ரவரில ரிலீஸ், மார்ச் 31 அவங்க போய்ட்டாங்க, வயசு 38. அவங்க செத்தப்புறம்தான் படம் ஓடு ஓடுன்னு ஓடுச்சு.

என்னக் கேட்டா நாலு வயசோ ஆறு வயசோ, அப்பலேர்ந்து அடுத்தவன் எழுதின வசனத்தயே பேசின பொம்பள, கவிதை ஒண்ணுதான் அவங்க சொந்தமாப் பேசினது. அந்தப் பொழப்பத் தாண்டி அத படிக்கணும்.

கடலூர் செல்வி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், மிஸ்ஸியம்மா விஷயத்த நம்பவே மாட்டேங்கறாங்க. புக்கு எங்க கெடைக்கும்? உருது எழுத்து தெரியாம எப்படி படிக்கறது?

முல்லா வீதி பாய்:
ஹிந்தி எழுத்துலயே கெடைக்குதும்மா, குல்சார் பேரப் போட்டு ஆன்லைன்ல தேடு. பாண்டில காந்தி ரோடு சண்டே மார்க்கெட் பழைய புக்குக்காரங்ககிட்டயும் கேட்டுப் பாரு, ஆனா அங்க ஹிந்தி புக்கு சிக்கறது உன் அதிர்ஷ்டம். மொதல்ல அந்த ரெக்கார்டக் கேளு. புரியாத எடத்த இங்க தமிழ் எழுத்துல போடு, வீட்ல பொண்டாட்டிக்கு என்ன விட நல்லா உருது வரும், கேட்டுச் சொல்றேன்.