சூறாவளியில் மாட்டிய கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

கரிசல்காட்டுக்காரி:
பங்குனி மாதம், உச்சிவெயில். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் களத்தைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. களம் முழுக்க முண்டு வத்தல் காய்கிறது, அத்தை ஓரமாக உட்கார்ந்து வெளுத்ததைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கண்மாய்க் கரையிலிருந்து சருகைச் சுருட்டிக்கொண்டு வந்த சூறாவளி நேரே களத்துக்குள் நுழைந்தது. அதுவரை மண் நிறமாக இருந்த காற்று, களத்தில் கால் வைத்ததும் அடியிலிருந்து சிவப்பாக ஏறியது. வத்தல், விதை, காம்பு எல்லாம் தலைக்கு மேலே சுற்றுகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை, தும்மி மாளவில்லை. கொடியில் கிடந்த அத்தையின் புதுச் சேலையும் போய்விட்டது.

பனைமட்டையில் மாட்டிக் கிடந்ததை ஆள் ஏற்றி இறக்கிக் கொடுத்தோம். அத்தை கையால் தொடவில்லை. "பேய் கட்டி அவுத்த சேலையை நான் கட்டவா?" என்று குச்சியால் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டார். ஒரு கிழிசல் இல்லாத சேலை. இன்றும் அதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மட்டுநகரான்:
அக்கா, கோபிக்க வேண்டாம். நீங்கள் கண்டது சுழல்காற்று, சூறாவளி இல்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சூறாவளி என்றால் ஒன்றுதான், 1978 நவம்பர் 23. எங்கள் குடும்பத்தில் வயதைக்கூட "சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா" என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். நான் சின்னப் பெடியன். இருட்டுக்குள் கூரைத் தகரம் ஒவ்வொன்றாக ஆணியோடு பிடுங்குப்பட்டுப் போனது. அப்பா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கதவுக்கு முதுகை முட்டுக்கொடுத்து விடியும்வரை நின்றார். காலையில் கதவைத் திறந்தால் வாவி தெரிகிறது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து அதற்கு முதல் வாவி தெரியாது, இடையில் அவ்வளவு தென்னை நின்றது.

நாலாவது வார்டு:
இரண்டு பேரும் விடுங்கள், எங்கள் ஊருக்கு வந்த சூறாவளி கதையைக் கேளுங்கள். வேட்பாளரின் "சூறாவளிச் சுற்றுப்பயணம்" என்று ஊரெல்லாம் சுவரொட்டி. பத்து மணிக்கு வருவார் என்று பெண்களை ஆரத்தித் தட்டோடு நிற்க வைத்தாயிற்று. வண்டி வந்தபோது மணி மூன்று. இறங்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை மட்டும் வந்தது, கும்பிடுகூட ஒற்றைக் கையில்! பின்னால் வந்த கார்கள் கிளப்பிய புழுதி அத்தனையும் ஆரத்தித் தண்ணீரில் படிந்தது. தட்டுக்கு இவ்வளவு என்று பேசிய பணத்துக்கு நான்தான் பொறுப்பு. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வானம்பார்த்தவன்:
நானும் ஒன்று பார்த்திருக்கிறேன், செங்கல் சூளையில், சாம்பலைத் தூக்கிக்கொண்டு போனது. அது கிடக்கட்டும். பேய் கீய் என்று ஆரம்பித்துவிட்டதால் சொல்கிறேன். மேகமில்லாத நாளில் தரை கொதிக்கும்போது, அதை ஒட்டிய காற்று சூடாகி லேசாகி விறுவிறுவென்று மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று பாயும், சுழலும். அவ்வளவுதான் உங்கள் அத்தையின் பேய். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று கவனித்தீர்களா? இந்தச் சின்னச் சுழல் வலமும் சுற்றும், இடமும் சுற்றும். வங்கக் கடலில் உருவாகும் புயல் மட்டும் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுற்றும்.

அடுத்த தடவை வத்தலைத் தார்ப்பாயால் மூடுங்கள், நாலு மூலையிலும் கல் வையுங்கள். பைக்கில் போகும்போது வந்தால் ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். செருப்பை வீசுவது, எச்சில் துப்புவது எல்லாம் வேண்டாம், துப்பியது உங்கள் முகத்துக்கே வரும். மட்டக்களப்பு நண்பருக்கு: கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்பது ஆபத்து. உள்ளறையில், ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, கடக்கும்போது காற்று நிற்கும், அதை நம்பி யாரும் வெளியே வரக்கூடாது.

மட்டுநகரான்:
1978-இல் அப்பாவிடம் நீங்களே வந்து சொல்லியிருக்கலாம். உள்ளறைக்கும் கூரை இல்லை ஐயா.

கோடிக்கரை:
வெளியே வரக்கூடாது என்று எழுதுவது சுலபம். மாடு வைத்திருப்பவன் என்ன செய்வான்? கஜா புயல், 2018 நவம்பர் 16, விடிய நேரம் இருந்தது. வடக்கேயிருந்து போட்டுத் தாக்கிய காற்று சட்டென்று நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடி, மாட்டையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு வந்தார். அப்புறம் தெற்கேயிருந்து ஆரம்பித்தது. கொட்டகை போய்விட்டது, மாடு பிழைத்தது.

எனக்கு இன்னும் ஆறாதது அதுவல்ல. முதல் காற்றில் சாய்ந்த தென்னைகள் தெற்கே தலை வைத்துக் கிடந்தன. அதைத் தாங்கி நின்ற மூன்று மரங்கள் இரண்டாவது காற்றில் வடக்கே விழுந்தன. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் தோப்பைச் சுற்றிவிட்டு, "ஒரே காத்துல எல்லாம் ஒரே பக்கம்தானே விழும்? இந்த மூணும் நீங்களே வெட்டிச் சாய்ச்சதா?" என்று கேட்டார். தூரோடு பிடுங்கிக்கொண்டு கிடக்கிறது, வேரில் மண் அப்படியே இருக்கிறது. அப்பா குனிந்து மண்ணில் விரலால் வட்டம் போட்டு, காற்று எப்படித் திரும்பியது என்று விளக்கினார். அவர் அந்த வட்டத்தையும் பார்த்தார், தலையும் ஆட்டினார். தெற்கே கிடந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.