2013-14 ஒன்டாரியோ சீசன்: கார்ல்டன் - ஒட்டாவா மேட்ச் பாத்தவங்க அனுபவத்த சொல்லுங்க

பிரான்சன் ரோடு:

கனடா யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால்ல எந்த வருஷம் பெஸ்ட்னு கேட்டா நான் யோசிக்காம 2013-14னு சொல்லுவேன், அதுவும் ஒன்டாரியோல நடந்தது. நாட்டுலயே டாப்ல இருந்த ரெண்டு டீமும் ஒரே ஊர்ல, ஒட்டாவால. கார்ல்டன் ரேவன்ஸ் ஒண்ணு, ஒட்டாவா ஜீ-ஜீஸ் இன்னொண்ணு. ரெண்டு கேம்பஸும் ரைடோ கால்வாய ஒட்டித்தான் இருக்கு, வெயில் காலத்துல சைக்கிள மிதிச்சா போய்டலாம். இப்படி ஒரு சீசன நேர்ல பாத்தவங்க நம்ம ஆளுங்கள்ல எத்தன பேர் இருக்கீங்கன்னு தெரியல, இருந்தா எழுதுங்க, எனக்கு இத பத்தி பேச ஆள் கிடைக்கறதே இல்ல.

நான் அப்ப கார்ல்டன்ல மாஸ்டர்ஸ். ஊர்ல ஸ்கூல் டீம்ல ஆடினவன், அதனால செப்டம்பர்ல வந்து எறங்கி ரூம் செட் ஆனதுமே ரேவன்ஸ் நெஸ்ட் எங்கன்னு விசாரிச்சு போய்ட்டேன். பெரிய ஸ்டேடியம் எல்லாம் இல்ல, ஒரு ஜிம், ரெண்டு பக்கமும் பெஞ்சு, முன்வரிசைல உக்காந்தா ஷூ தேய்ற சத்தம், ப்ளேயருங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுக்கற சத்தம் எல்லாம் தெளிவா கேக்கும். வெள்ளிக்கிழம ஒரு மேட்ச், சனிக்கிழம ஒரு மேட்ச், முதல்ல பொண்ணுங்க ஆடுவாங்க அப்புறம் பசங்க, ரெண்டையும் பாத்துட்டு பத்து மணிக்கு மேல வெளிய வந்தா குளிர் மூஞ்சில அறையும்.

டிவில என்பிஏ மட்டும் பாத்தவங்களுக்கு ரேவன்ஸ் ஆட்டம் முதல்ல பெருசா தெரியாது. டங்க் கம்மி, உயரமும் அப்படி ஒண்ணும் இல்ல. பந்த விட்டுட்டு பந்து இல்லாத ஆளுங்கள பாருங்க, அப்பதான் புரியும். எதிர் டீம் பந்த ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்கு தட்டறதுக்குள்ள அஞ்சு பேரும் ஒண்ணா நகந்திருப்பாங்க, ஷூட் பண்ண கைய தூக்கறவன் முன்னால ஒரு கை ஏற்கனவே இருக்கும். எதிர் டீம் ஸ்க்ரீன் போட, அதாவது குறுக்க நின்னு நம்ம ஆள மறிக்க வந்தா, பெரிய ஆள் வெளிய வந்து வழிய அடைச்சுட்டு, மறிக்கப்பட்ட கார்ட் திரும்ப வந்து சேந்ததும் தன் ஆள்கிட்ட ஓடிருவான். 30 பாயிண்ட் லீட்ல இருக்கும்போதும் ஒருத்தன் ஹெல்ப்புக்கு அரை செகண்ட் லேட்டா வந்தா கோச் டேவ் ஸ்மார்ட் எழுந்து நின்னு கத்துவார் பாருங்க, ஸ்கோர் போர்டே அவர் கண்ணுக்கு தெரியாது. இதெல்லாம் பாத்துத்தான் நான் டிஃபென்ஸ் ரசிக்க கத்துக்கிட்டேன்.

அந்த டீம் எப்படிப்பட்டதுன்னு சொல்லிடறேன். முந்தின சீசன், 2013 மார்ச்ல, நேஷனல் பைனல்ல லேக்ஹெட் யுனிவர்சிட்டிய 92-42ன்னு அடிச்சாங்க. பைனல்ல 50 பாயிண்ட் வித்தியாசம்! அடுத்து ஆகஸ்ட்ல அமெரிக்க காலேஜ் டீமுங்க ஒட்டாவா வந்தப்ப விஸ்கான்ஸின 95-82ன்னு ஜெயிச்சாங்க, சிரக்யூஸ்கூட ஓவர்டைம் வரைக்கும் போய் 69-65ல தான் தோத்தாங்க. இங்க ஃபீஸ் அளவுக்கு மேல ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அங்க முழு செலவும் யுனிவர்சிட்டியோடது, அப்படி இருந்தும் இந்த ரிசல்ட். ஃபில் ஸ்க்ரப், அவன் அண்ணன் தாமஸ் ஸ்க்ரப், ரெண்டு பேரும் பிரிட்டிஷ் கொலம்பியா ரிச்மண்ட் பசங்க, கூட டைசன் ஹின்ஸ். ஃபில் வார்ம்-அப்ல ஷூட் பண்றத பாக்கறதுக்காகவே நான் சீக்கிரம் போவேன், ஒவ்வொரு ஷாட்டும் ஒரே மாதிரி எழும்பும், முழங்கை ஒரே இடத்துல நிக்கும், போச்சா இல்லையான்னு கூட பாக்க மாட்டான், அடுத்த பந்துக்கு கை நீட்டிருப்பான்.

அந்த சீசன்ல லீக் மேட்ச் ஒண்ணுல கூட அவங்க தோக்கல. சரி, மத்தவங்க எழுதுங்க, நான் பைனல் கதைய அப்புறம் சொல்றேன்.

சாண்டி ஹில்:

அந்தப் பக்கத்துல இருந்து நான் வரேன், நான் ஒட்டாவா யுனிவர்சிட்டி, ஜீ-ஜீஸ் ஆளு, இன்னிக்கும்.

எங்க மேட்ச் எல்லாம் மான்பெட்டிட் ஹால்ல. என் ரூம்மேட் ஒரு கியூபெக் பொண்ணு, அவதான் என்ன முதல் தடவ இழுத்துட்டுப் போனா, பாதி பேர் ஃப்ரெஞ்சுல கத்துவாங்க பாதி பேர் இங்கிலீஷ்ல கத்துவாங்க, நான் எமோஷனாயிட்டா தமிழ்ல கத்துவேன், யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. அந்த வருஷ டீம் எனக்கு மனப்பாடம். ஜானி பெர்ஹானமெஸ்கெல், நம்ம ஒட்டாவா பையன்தான், மெலிஞ்ச உடம்பு, எங்க இருந்து வேணா ஷூட் பண்ணுவான். செயின்ட் ஃப்ரான்ஸிஸ் சேவியர் யுனிவர்சிட்டில இருந்து மாறி வந்த டெர்ரி தாமஸ். பந்த கொண்டு வர்றது மைக் லாஃப்ரிகெய்ன், உள்ள கேப்ரியல் கோந்தியே-டுபே, அப்புறம் கேலப் அகாடா, அவன் அப்ப சின்னப் பையன் ஆனா எதிராளி கைல இருந்து பந்த பறிக்கறதுல எமன். கோச் ஜேம்ஸ் டெரூவன், 2010ல தான் பொறுப்புக்கு வந்தவர்.

கார்ல்டன்காரங்க எப்பவும் தங்கள மட்டும் பேசுவாங்க அதனால நான் சொல்லியே ஆகணும். எல்லா டீமும் கார்ல்டன்கிட்ட எத்தன பாயிண்ட்ல தோக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்த காலத்துல எங்க பசங்க ஜெயிக்கலாம்னு நம்பி எறங்கினாங்க. ஜனவரில கேபிடல் ஹூப்ஸ்னு ஒண்ணு நடக்கும் தெரியும்ல, 2007ல ஆரம்பிச்சது, அப்பல்லாம் ரெண்டு யுனிவர்சிட்டியும் ஒட்டாவா மேற்கு ஓரத்துல கனாட்டா பக்கம் இருக்கற பெரிய ஹாக்கி அரங்கத்துல ஆடுவாங்க, யுனிவர்சிட்டி மேட்சுக்கு அவ்வளவு ஆயிரம் பேர் வர்றது இந்த நாட்டுல வேற எங்கயும் நான் பாத்ததில்ல. எங்க கலர் கார்னெட், அவங்க கலர் சிவப்பும் கறுப்பும், தூரத்துல இருந்து பாத்தா அரங்கமே சிவப்பாத்தான் தெரியும், எந்தப் பக்கம் யாருதுன்னு ஒரு பாயிண்ட் விழுந்தா தான் சத்தத்த வெச்சு புரியும்.

வில்சன் கப் பத்தி நானே சொல்றேன், பிரான்சன் ரோடு சொல்ல வேணாம். அது ஒன்டாரியோ சாம்பியன்ஷிப் பைனல், 2014 மார்ச் ஆரம்பம். நாங்க ஹாஸ்டல் காமன் ரூம்ல லேப்டாப்ப டிவில கனெக்ட் பண்ணி பாத்தோம், ஸ்ட்ரீம் அப்பப்ப நின்னுடும், நின்னா எல்லாரும் மூச்ச பிடிச்சிட்டு உக்காந்திருப்போம், திரும்ப வரும்போது ஸ்கோர் மாறியிருக்கும். கடைசில ஒரு பாயிண்ட் பின்னால இருக்கோம், பந்து நம்மகிட்ட. ஜானிகிட்ட தான் போகும்னு எல்லாருக்கும் தெரியும், கார்ல்டனுக்கும் தெரியும், அவங்க அளவுக்கு டிஃபென்ஸ் பண்ற டீம் நாட்டுலயே கிடையாது. அப்படியும் ஜானி கடைசி செகண்ட்ல ஏத்தி விட்டான், உள்ள போச்சு. 78-77. நான் அழுதேன், என் ரூம்மேட் சோஃபா மேல ஏறி நின்னா, பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்தவங்க எல்லாம் எழுந்து வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாங்க, சொன்னதும் அவங்களும் கத்தினாங்க. லீக்ல யாராலயும் தொட முடியாத டீம தோக்கடிச்சாச்சு.

அடுத்த வாரம் என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியும், அத எழுத வேற ஆள் வருவாங்க.

தண்டர் பே:

92-42ன்னு எழுதினீங்களே, நான் லேக்ஹெட்ல படிச்சவன், அதனால ரெண்டு வரி எழுதிட்டு போறேன்.

அந்த ஸ்கோர மட்டும் பாத்து எங்க டீம எட போடாதீங்க சார். தண்டர் பேல இருந்து டொரொன்டோக்கு ரோட்டு வழியா போனா கிட்டத்தட்ட 1400 கிலோமீட்டர், ஒன்டாரியோ லீக்ல ஆடற எல்லா டீமையும் விட எங்க பசங்கதான் அதிகமா ஊர் சுத்தணும், ஒவ்வொரு வெளியூர் வாரமும் ஃப்ளைட், ஏர்போர்ட்ல உக்காந்து அசைன்மென்ட். ஆனா எங்க ஊர்ல சாண்டர்ஸ் ஃபீல்டுஹவுஸ்ல மேட்ச்னா ஸ்டூடண்ட் மட்டுமில்ல, மில்லுல வேல பாத்து ரிட்டையர் ஆன தாத்தாங்க கூட வருவாங்க, ஊருக்கே அது ஒரு நிகழ்ச்சி. பாத்திரக் கடை வெச்சிருந்த ஒரு பெரியவர் பக்கத்துல உக்காந்து எனக்கு ஸோன் டிஃபென்ஸ், அதாவது ஆள காக்காம இடத்த காக்கற முறை, சொல்லிக் குடுத்தார். எங்கள அந்த பைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போன கோச் ஸ்காட் மாரிசன் பின்னால பாஸ்டன் செல்டிக்ஸ் கோச்சிங் ஸ்டாஃபுக்கே போனார். சின்ன ஊர் டீம்ல இருந்து அவ்வளவு தூரம். கார்ல்டன்கிட்ட தோத்த டீமுங்கள பத்தியும் பேசுங்க, அவங்க இல்லாம அந்த சீசன் இல்ல.

ஸ்காபுரோ பெடியன்:

வணக்கம். நான் ரொறன்ரோ, படிச்சதும் இங்கதான், ஆனா மச்சான் ஒருத்தன் ஒட்டாவா யூனியில படிச்சவன், அவன்ர ஆக்கினையாலதான் நான் அந்த நேஷனல் பைனல நேரில பாத்தது. அந்த வருசம் எங்களுக்கு எல்லாம் ரொறன்ரோவின்ர என்பிஏ ரீம் ராப்டர்ஸ் விசர், கனகாலத்துக்குப் பிறகு பிளேஓஃப் போகப்போறாங்கள் எண்டு வீட்டில ஒவ்வொரு நாளும் அதே கதைதான். யூனி பாஸ்கெட்போல் எண்டா ஆரும் கணக்கெடுக்கிறதில்ல. மச்சான் ஃபோன் எடுத்து "ரெண்டும் எங்கட ஊர் ரீம், பைனல் எங்கட ஊரிலயே நடக்குது, நீ வராட்டி இனி என்னோட கதையாத" எண்டான். பிறகென்ன, பெடியள் எல்லாம் ஒரு வான் எடுத்துக்கொண்டு 401 ஹைவேயில ஏறி 416ஆல வெளிக்கிட்டம். மார்ச் எண்டாலும் கரையெல்லாம் பனி.

2014 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. கனேடியன் டயர் சென்டர், ஒட்டாவா செனட்டர்ஸ் ஹொக்கி விளையாடுற இடம். ஐஸுக்கு மேல பலகை போட்டு அதில கோர்ட். கீழ் வரிசையில இருந்தா காலடியில குளிர் ஏறும், ஜக்கெட் கழட்டேலாது. எங்களுக்கு முன் வரிசையில ஒரு குடும்பம், தகப்பன் கார்ல்டன் உடுப்பு, மகள் ஜீ-ஜீஸ் உடுப்பு, தாய்க்காரி ரெண்டு பேருக்கும் நடுவில இருந்து பொப்கோர்ன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தா. அந்த ஊரே அண்டைக்கு அப்பிடித்தான் பிரிஞ்சு இருந்தது.

கார்ல்டன் 79-67ல வெண்டது. ஒரு கிழமைக்கு முதல் ஒரு பொயின்றில தோத்த ரீம், அந்தத் தோல்விய அப்பிடியே வைச்சுக்கொண்டு வந்து விளையாடினமாதிரி இருந்தது. என்ர மனசில நிக்கிறது அந்த ஸ்க்ரப் சகோதரங்கள்தான், ஒருத்தன்ர முகத்திலயும் ஒரு மாற்றமும் இல்ல, பந்து போட்டாலும் அதே முகம், விட்டாலும் அதே முகம். மச்சான் பக்கத்தில இருந்து ஒவ்வொரு முறையும் "இப்ப வருவம், இப்ப வருவம்" எண்டு சொல்லிக்கொண்டிருந்தான், ஜீ-ஜீஸும் லேசில விட்டுக்குடுக்கேல்ல, ஆனா எட்டிப் பிடிக்க முடியேல்ல. முடிஞ்சாப் பிறகு அவன் வான்ல ஒரு சொல்லுக் கதைக்கேல்ல, நாங்களும் கேக்கேல்ல, டிம் ஹோர்ட்டன்ஸில நிப்பாட்டி கோப்பி வாங்கிக் குடுத்தம்.

பிறகு 2023ல மணிலாவில உலகக் கிண்ணத்தில கனடா அமெரிக்காவ 127-118க்கு ஓவர்டைமில வெண்டு வெண்கலம் எடுத்ததெல்லே, அந்த ரீமில ரெண்டு ஸ்க்ரப்மாரும் இருந்தவை. நான் உடன மச்சானுக்கு மெசேஜ் போட்டனான். "அகாடாவயும் சொல்லு" எண்டு பதில் வந்தது.

சாண்டி ஹில்:

உங்க மச்சான எனக்குப் பிடிச்சிருக்கு! அகாடா கதைய நானே போடறேன். 2021 ஜூலைல ஒலிம்பிக்ஸுக்கு முன்னால லாஸ் வேகஸ்ல நடந்த பயிற்சி மேட்ச்ல நைஜீரியா அமெரிக்காவ 90-87ல தோக்கடிச்சாங்க இல்லையா, அந்த நைஜீரியா டீம்ல கேலப் அகாடா, 17 பாயிண்ட். மான்பெட்டிட் ஹால்ல ஆடின பையன் எதிர்ல என்பிஏ ஸ்டாருங்க டுரான்ட்டும் லில்லார்டும். நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், யாருக்கும் யாருன்னே தெரியல, பரவால்ல, எனக்குத் தெரியும்.

பிரான்சன் ரோடு:

எல்லாரும் எழுதினதுக்கு ரொம்ப நன்றி, தண்டர் பே சொன்னது ரொம்ப சரி, அந்த லீக்ல வின்ட்ஸர், மெக்மாஸ்டர், ரையர்சன் எல்லாம் நல்லா ஆடினாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் சாண்டி ஹில் அக்கா பக்கம் நான் வரேன், கார்ல்டன் ஆளா இருந்தும். வில்சன் கப் பைனலுக்கு வந்த ரெண்டு டீமும் எப்படியும் நேஷனலுக்குப் போகும், அதனால அந்த 78-77க்கு மதிப்பு கம்மின்னு எங்க கேம்பஸ்ல நெறைய பேர் சொன்னாங்க, நான் ஒத்துக்கவே இல்ல. கார்ல்டன் அந்த மார்ச்சோட 12 வருஷத்துல 10 தடவ நேஷனல் சாம்பியன், தொடர்ந்து நாலாவது தடவ. அப்படி ஒரு டீம கடைசி செகண்ட் வரைக்கும் இழுத்துட்டு வந்து தோக்கடிக்கறதுக்கு பக்கத்துத் தெரு டீம் ஒண்ணு வேண்டியிருந்துச்சு. என் கணக்குல அந்த சீசனோட பெஸ்ட் மேட்ச் வில்சன் கப் தான், நேஷனல் பைனல் ரெண்டாவது.

அதுக்கப்புறமும் விட்டுடல, 2015ல டொரொன்டோல நேஷனல் பைனல்ல அதே ரெண்டு டீமும் திரும்ப வந்துச்சு. கார்ல்டன் 93, ஒட்டாவா 46. அந்த ராத்திரி நாங்க கேம்பஸ்ல கொண்டாடினோம், ஆனா ஜானிக்கு கடைசி வருஷம், நாட்டோட பெஸ்ட் ப்ளேயர் அவார்டு வாங்கின வருஷம், அவன் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப எங்க ஆளுங்களே கொஞ்சம் பேர் எழுந்து நின்னு கை தட்டினோம். 2015 மேட்ச டொரொன்டோல நேர்ல பாத்தவங்க யாராவது இருந்தா அடுத்து எழுதுங்க, எனக்கு அந்த முதல் குவார்ட்டர் எப்படி இருந்துச்சுன்னு உள்ள உக்காந்து பாத்தவங்க சொல்லிக் கேக்கணும்.